நீர்வர்ண ஓவியமும் தாளின் தெரிவும்
— ஆங்கில நிலக்காட்சி மரபை முன்வைத்து ஒரு நோக்கு —

ஓவியம் பற்றிய எழுத்துக்களில் தாள் மிக அரிதாகவே பேசப்படுகின்றது. கலைக்கூடங்களின் பட்டியல்கள் ஓவியனின் பெயரையும் ஆண்டையும் அளவையும் தந்தபின், ‘தாளில் நீர்வர்ணம்’ என்று ஒரு தொடரால் அமைந்துவிடுகின்றன. எத்தகைய தாள், யார் ஆக்கியது, எவ்வாறு பசையூட்டப்பட்டது, அதன் இயல்பான நிறம் யாது என்னும் வினாக்கள் கைவினைஞருக்கும் நூதனசாலைப் பாதுகாவலருக்கும் உரியவையென ஒதுக்கப்படுகின்றன. திறனாய்வாளனோ இயற்கை பற்றிய ஓவியனின் நோக்கு, அவன் வாழ்ந்த காலத்தின் உணர்வு, அவனது தனித்துவம் ஆகியவற்றை ஆராயப் புகுந்துவிடுகின்றான். கவிதையை ஆராய்பவன் யாப்பைப் புறக்கணித்தால் அதனைக் குறைபாடென்று கொள்ளும் நாம், நீர்வர்ண ஓவியத்தை ஆராய்பவன் தாளைப் புறக்கணிப்பதைக் குறைபாடென்று கொள்வதில்லை.

எண்ணெய்வர்ண ஓவியத்தைப் பொறுத்தவரையில் இப்புறக்கணிப்பு ஓரளவு பொறுக்கத்தக்கது. அங்கே சீலையின்மீது அடிப்பூச்சு இடப்படுகின்றது. அதன்மேல் வர்ணம் தடித்த படலமாக அமைகின்றது. வெண்மை வேண்டுமிடத்து வெள்ளை வர்ணமே பூசப்படுகின்றது. சீலை பெரும்பாலும் மறைந்துவிடும். நீர்வர்ணத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே நிறப்பொருள் மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் படலமாகத் தாளில் தங்குகின்றது. ஒளி அப்படலத்தைக் கடந்து சென்று, தாளிற் பட்டுத் தெறித்து, மீண்டும் அதே படலத்தின் வழியே கண்ணை அடைகின்றது. ஓவியத்திற் காணப்படும் ஒளி தாளிலிருந்தே வருகின்றது என்று கூறுவது, ஆதலால், அலங்காரக் கூற்றன்று, பௌதிக உண்மை. வானத்தின் வெளிச்சம், சுவரின் வெயில், நீரின் மினுக்கம் ஆகியன எல்லாம் தூய நீர்வர்ணத்தில் ஓவியன் பூசியவையல்ல. அவன் பூசாது விட்டவையாகும். இந்நிலையில் தாளைத் தெரிவதென்பது ஓவியத்தின் ஒளியைத் தெரிவதே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தில் நீர்வர்ணம் பெற்ற வளர்ச்சி இவ்வுண்மையைப் பரிசோதிப்பதற்கு ஏற்ற களமாகும். அக்காலத்து ஓவியர்களும் அவர்கள் பயன்படுத்திய தாள்களும் ஓரளவு தெளிவாக அறியப்பட்டுள்ளமை அதற்கு ஒரு காரணம். குறிப்பாக, ரேணர் பயன்படுத்திய தாள்களைப் பீற்றர் பவர் ஆராய்ந்து 1990ஆம் ஆண்டிலும் 1999ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இத்துறைக்குப் புதிய அடித்தளம் இட்டன. தாள் பற்றிய அறிவு ஓவியம் பற்றிய அறிவாக எவ்வாறு மாறக்கூடும் என்பதற்கு அவை எடுத்துக்காட்டுகள்.

அக்காலத்துத் தாளின் வரலாற்றில் வற்மன் என்னும் பெயர் தலையாயது. கென்ற் மாவட்டத்து மெயிட்ஸ்ரன் நகருக்கு அருகேயிருந்த ரேர்க்கி ஆலையில் மூத்த ஜேம்ஸ் வற்மன் (1702–1759) புதியவகைத் தாளொன்றை ஆக்கினார். அதுவரை ஐரோப்பாவில் ஆக்கப்பட்ட தாள் யாவும் வரித்தாளே. நெருக்கமாக அடுக்கிய கம்பிகளையும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் இழைகளையுங் கொண்ட அச்சிற் கூழை அள்ளியெடுக்கும்போது, அக்கம்பிகளின் தடம் தாளில் வரிவரியாகப் பதிந்துவிடும். வற்மன் கம்பிகளைத் துணிபோல் நெய்த பித்தளை வலையை அச்சிற் பொருத்தினார். வரிகள் மறைந்தன, தாளின் முகம் சீரானது. 1757ஆம் ஆண்டில் ஜோன் பாஸ்கவில் அச்சிட்ட வேர்ஜில் பதிப்பின் ஒரு பகுதி இத்தாளிலேயே அச்சாயிற்று. இங்கு கருதத்தக்கது யாதெனில், நெய்வலைத் தாள் ஓவியனை மனத்திற்கொண்டு தோன்றியதன்று என்பதாகும். நுண்ணிய எழுத்துக்களைத் தெளிவாக அச்சிட விரும்பிய அச்சாளனின் தேவையை அது நிறைவுசெய்தது. ஓவியர்கள் அதனைத் தமதாக்கிக்கொள்ள இரண்டு, மூன்று தசாப்தங்கள் சென்றன.

ஓவியனுக்கு வரியின்மையை விட முக்கியமாக இருந்தது பசையூட்டலாகும். கந்தற்றுணியை அடித்துப் பெற்ற கூழிலிருந்து எடுத்த தாள் இயல்பில் மையொற்றுத்தாளைப் போன்றது. நீரை உடனே உறிஞ்சிவிடும். ஆகவே தாள்கள் உலர்ந்தபின், விலங்குகளின் தோலையும் பிற கழிவுகளையும் கொதிக்கவைத்துப் பெற்ற ஜெலற்றின் கரைசலில் அவை தோய்த்தெடுக்கப்பட்டன. விஞ்ஞான பீடத்து மாணவர் ஆய்வுகூடத்தில் நாளாந்தம் கையாளும் வடிதாளின் பெட்டியிலும் வற்மன் என்ற அதே பெயரையே காண்பர். வடிதாள் நீரைத் தடையின்றிக் கடந்துசெல்ல விடுவதற்கென்றே பசையின்றி ஆக்கப்படுவது. ஓவியத் தாளோ நீரைத் தன் முகத்திலே சற்றுநேரம் நிறுத்திவைக்க வேண்டியது. இரண்டினதும் நாரில் உள்ள வேறுபாட்டை விடப் பசையில் உள்ள வேறுபாடே பெரிது. ஜெலற்றின் குறைந்த தாளில் நிறப்பொருள் நார்களுக்கிடையே இறங்கி மங்கிவிடும்; தூரிகையின் விளிம்பு கசியும். ஜெலற்றின் மிகுந்தாலோ நீர் தாளிற் படியாது திரண்டு நிற்கும். நன்கு பசையூட்டிய தாளில் வர்ணம் மேற்பரப்பிலேயே தங்கி உலர்வதால் அதன் ஒளி குன்றுவதில்லை. அன்றியும், உலர்ந்த வர்ணத்தை மீண்டும் நனைத்துத் துடைத்தெடுக்கலாம். கத்தியாற் சுரண்டி வெள்ளையை வெளிக்கொணரலாம். தாள் அதனைத் தாங்கும்.

சீன மரபோடு ஒப்பிட்டால் இதன் முக்கியத்துவம் துலங்கும். மரப்பட்டை நாரையும் வைக்கோலையுங் கொண்டு ஆக்கப்படும் சுவான் தாளில், பசையூட்டப்படாத வகை, மையைத் தொட்ட கணத்திலே உள்வாங்கிக்கொள்கின்றது. அதில் இட்ட கோட்டை அழிக்க இயலாது. தயங்கினால் தயக்கமும் பதிந்துவிடும். சீன ஓவியத்திற் போற்றப்படும் தூரிகை வீச்சின் உறுதிக்கு இத்தாளும் ஒரு காரணமாகும். ஆங்கில ஓவியன் பெற்ற தாளோ மாற்றி எண்ண இடங்கொடுத்தது. பூசவும் கழுவவும் மீண்டும் பூசவும் அனுமதித்தது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதன்று. இரு மரபுகளும் இருவேறு ஒழுக்கங்களைத் தம் தாள்களிடமிருந்து கற்றுக்கொண்டன.

இவ்விடத்து ஒரு முடிபுக்கு விரைந்து வந்துவிடும் ஆபத்து உண்டு. ‘வற்மன் தாள் தோன்றியது, ஆகவே ஆங்கில நீர்வர்ணம் தோன்றியது’ என்பதே அம்முடிபு. கலையின் பொருளாதார அடித்தளத்தை வற்புறுத்துவோர் இதனை விரும்பக்கூடும். எனினும் வரலாறு இத்துணை எளிதன்று. நிலஅளவைக்கும் இராணுவப் படங்களுக்கும் பழைமைச் சின்னங்களைப் பதிவுசெய்வதற்கும் கோட்டுருவங்களை வரைந்து மெல்லிய நிறமூட்டும் வழக்கம் வற்மன் தாளுக்கு முன்னரே நிலவியது. போல் சாண்ட்பி (1731–1809) தமது வாழ்க்கையைத் தொடங்கியதே ஸ்கொற்லாந்து இராணுவ அளவைப் பணியிலேதான். வெறும் நிறமூட்டிய கோட்டுருவம் முழுமையான ஓவியமாக மாறுவதற்குச் சமூக நிர்ப்பந்தமொன்றும் இருந்தது. 1768இல் நிறுவப்பட்ட றோயல் அக்கடமியின் காட்சிகளில் எண்ணெய்வர்ணத்துக்கே முதன்மை கிடைத்தது. நீர்வர்ணக்காரர் தம் படைப்புக்கள் உரிய மதிப்பைப் பெறவில்லை என்று கருதினர். 1804இல் அவர்கள் தமக்கெனச் சங்கமொன்றை நிறுவி அடுத்த ஆண்டிலே காட்சியை நடத்தினர். எண்ணெய்வர்ண ஓவியத்தோடு சுவரிற் போட்டியிடவேண்டுமாயின் படம் பெரிதாகவும் நிறம் ஆழமாகவும் அமைதல் வேண்டும். அதற்குப் பல பூச்சுக்களைத் தாங்கும் வலிய தாள் வேண்டும். அத்தகைய தாள் அப்போது கைக்கெட்டியதாக இருந்தது. தேவையும் பொருளும் ஒன்றையொன்று சந்தித்தன எனல் பொருந்தும். ஒன்று மற்றதைப் படைத்தது எனல் பொருந்தாது.

இதற்கு வலுவான சான்று தோமஸ் கேர்ட்டின் (1775–1802) ஆவார். இருபத்தேழு வயதிலே மறைந்த இவ்வோவியர், சிறந்த வெண்ணிற நெய்வலைத் தாள் கடைகளில் விற்கப்பட்ட காலத்திலே, வேண்டுமென்றே பழைய வரித்தாளை நாடினார். துப்பாக்கித் தோட்டாக்களின் உறைக்குப் பயன்பட்டமையாற் தோட்டாத்தாள் என்று பெயர்பெற்ற தடித்த தாள் அது. தூய வெண்மையற்றது, சற்றே மஞ்சள் கலந்தது, கம்பி வரிகளும் ஆங்காங்கே புள்ளிகளும் உடையது. புதியது கிடைக்கும்போது பழையதை விரும்பியமைக்குக் காரணம் படங்களிலேயே தெரிகின்றது. அத்தாளின் வெதுவெதுப்பான நிறம் வானுக்கும் நிலத்துக்கும் பொதுவாக அமைந்து, முழுப் படத்தையும் ஒரே மாலைக் காற்றில் நிறுத்திவைக்கின்றது. வற்மன் தாளின் பளிச்சிடும் வெண்மையில் அந்த அமைதி வாய்த்திராது.

ரேற் கலைக்கூடத்திலுள்ள ‘செல்சியில் வெள்ளை வீடு’ (1800) என்னும் அவரது படம் இதனைத் தெளிவுபடுத்தும். படம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமும் 51 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. தேம்ஸ் நதி அகன்று கிடக்கின்றது, தாழ்ந்த கரை, அந்திவேளை. அக்கரையில் ஒரேயொரு சிறு வீடு வெள்ளையாக ஒளிர்கின்றது. அதன் நிழல் நீரிலே நீண்டு விழுகின்றது. காண்பவர் கண் வேறெங்கு சென்றாலும் அவ்வீட்டுக்கே திரும்புகின்றது. அங்கே ஓவியர் செய்தது யாது? ஒன்றுமே செய்யவில்லை. தாளை விட்டுவிட்டார். சூழ உள்ள யாவும் அடங்கிய தொனியிற் பூசப்பட்டமையால், மங்கிய அத்தாளே அவ்விடத்துப் பிரகாசமான வெண்மையாகத் தோற்றுகின்றது. தூய வெள்ளைத் தாளில் அந்த வீடு பளிச்சென்று கத்தியிருக்கும். இங்கே அது மெல்லப் பேசுகின்றது. தாளின் குறைபாடெனத் தாள்வணிகர் கருதக்கூடிய ஒன்று ஓவியத்தின் பொருளாகவே மாறியமையை இதிற் காணலாம்.

கேர்ட்டினின் தாள் பற்றி அக்காலத்தவர் சொல்லிச்சென்ற செய்தியொன்று சுவையானது. அத்தாள் மடித்தே விற்கப்பட்டதாம். மடிப்பு விழுந்த இடத்திற் பசை குலைந்திருந்தமையால் வர்ணம் உள்ளிறங்கி, வானத்தின் குறுக்கே கருமையான கோடாகத் தோன்றியது. முதலிற் சகித்துக்கொள்ளப்பட்ட இக்கோடு, பின்னர் இரசிகர்களால் விரும்பப்பட்டு, மூலப்படைப்பின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. கலையை விடக் கலைச்சேகரிப்பை நேசிப்போர் எக்காலத்தும் உளர் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டைத் தாளாகவே விட்டமை தெரிவு. மடிப்பிற் கசிந்த கோடு விபத்து. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றுதல் விமர்சனமாகாது. அவரது படங்கள் பல இன்று செம்மை படர்ந்து காணப்படுவதும் தாளின் விளைவன்று. அவர் பயன்படுத்திய அவுரி நீலம் ஒளிபட்டு மங்கிப்போனதன் விளைவாகும். அச்செம்மையையும் கேர்ட்டினின் ‘சோக உணர்வு’ என்று விளக்கப் புகுவோர் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

ஜே. எம். டபிள்யூ. ரேணர் (1775–1851) கேர்ட்டின் பிறந்த ஆண்டிலேயே பிறந்தவர். இளமையில் அவரோடு சேர்ந்து பணியாற்றியவர். தாளைப் பொறுத்தவரையில் ஆங்கில ஓவியருள் இவரளவு பசியோடு தேடியவர் வேறொருவர் இலர். இறப்பின்பின் நாட்டுக்குச் சேர்ந்த அவரது சேகரத்திற் படவரைவு ஏடுகள் மட்டும் ஏறத்தாழ முந்நூறு, தனித்தாள்களோ பல்லாயிரம். அவற்றுள் வெள்ளை, சாம்பல், நீலம், கபிலம் எனப் பல்வேறு தாள்கள் உண்டு.

வலிய வற்மன் தாளில் ரேணர் செய்தவற்றை அறிய 1818ஆம் ஆண்டு யோக்‌ஷயரில் உள்ள ஃபார்ன்லி மாளிகையில் அவர் தீட்டிய போர்க்கப்பற் படத்தை நோக்குதல் போதும். முதற்றரப் போர்க்கப்பலொன்று களஞ்சியப் பொருட்களை ஏற்றுவது படத்தின் பொருள். அவரது ஆதரவாளரான வோல்ற்றர் போக்ஸின் மகன் அருகிலிருந்து பார்த்துச் சொன்ன செய்தியின்படி, ஓவியர் முதலில் தாள் ஊறும்வரை ஈரமான வர்ணத்தை ஊற்றினார்; பின்னர் வெறிகொண்டவர்போற் கிழித்தும் கீறியும் தேய்த்தும் குழப்பினார்; சிறிது சிறிதாக அக்குழப்பத்தினுள்ளிருந்து கப்பல் தன் நுணுக்கங்கள் அனைத்தோடும் வெளிப்பட்டது. காலை உணவுக்கும் பகலுணவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இது நிகழ்ந்தது. இக்கதையை மேதையின் ஆவேசத்துக்குச் சான்றாகக் கூறுவதே வழக்கம். ஆவேசம் உண்மையே. ஆயினும் எந்தத் தாளும் அந்த ஆவேசத்தைத் தாங்கியிராது. பசை குறைந்த தாளாயின் முதற் கீறலிலேயே நார் கிளம்பி, வர்ணம் பஞ்சுபோற் பரந்து, கப்பல் வெளிப்படுவதற்கு முன் தாள் அழிந்திருக்கும். ஜெலற்றின் இறுகிய பரப்பின்மீது மட்டுமே அத்தகைய வன்முறை படைப்பாக மாறமுடியும். ரேணர் தமது கையை அறிந்திருந்த அளவுக்குத் தமது தாளையும் அறிந்திருந்தார். கண்மூடித்தனமாகத் தோன்றிய செயலின் அடியில் நெடுநாட் பழக்கம் இருந்தது.

1802ஆம் ஆண்டு சுவிற்சலாந்துப் பயணத்தின்போது வேறொரு வழியைக் கையாண்டார். வெள்ளைத் தாள்களுக்குச் சாம்பற் பூச்சை இட்டு ஆயத்தஞ்செய்து, மலைச்சாரலின் நிழல்களை அதன்மீது தீட்டி, பனிக்கும் அருவிக்கும் மட்டும் அப்பூச்சைச் சுரண்டி அடியிலுள்ள வெள்ளையை வெளிக்கொணர்ந்தார். தமக்கு வேண்டிய தாள் கடையில் இல்லாதபோது அதனைத் தாமே ஆக்கிக்கொண்டார் என்பது இதன் பொருள். இங்கே ஒளி எஞ்சியிருப்பதன்று, தோண்டி எடுக்கப்படுவது.

நீலத்தாள் பற்றிய பகுதியே ரேணர் ஆய்வில் மிகவும் வளமானது. 1827ஆம் ஆண்டிற் பெற்வேத் மாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட சிறு படங்களை அவர் நீலத்தாளிலே தீட்டினார். லுவார், செய்ன் நதிகளைப் பின்தொடர்ந்து வரைந்து, 1833 முதல் 1835 வரை நூல்களாகச் செதுக்கி வெளியிடப்பட்ட படங்களுக்கும் நீலத்தாளே ஆதாரம். பெரிய தாளொன்றைப் பதினாறாகக் கிழித்து, ஏறத்தாழ 14 சென்ரிமீற்றருக்கு 19 சென்ரிமீற்றர் அளவான துண்டுகளைப் பெற்றார். நீலத்தாளில் நீர்வர்ணத்தின் தருக்கமே தலைகீழாகின்றது. வெள்ளைத் தாளில் ஓவியன் ஒளியிலிருந்து தொடங்கி இருளை நோக்கிச் செல்கின்றான். ஒவ்வொரு பூச்சும் ஒரு சிறு இழப்பு. நீலத்தாளிலோ இடைத்தொனி முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து இருளுக்கும் செல்லலாம், ஒளி ஊடுருவாத வெள்ளையைக் கலந்து ஒளிக்கும் செல்லலாம். ஒளி இங்கே தாளிலிருந்து வருவதில்லை, தாளின்மேல் ஏற்றப்படுகின்றது. பெற்வேத் அறைகளில் திரைச்சீலையின் சிவப்பும் மெழுகுவர்த்தியின் மஞ்சளும் அத்துணை திடீரென மூண்டெழுவதற்கு, அவற்றைச் சூழ்ந்து கிடக்கும் பூசப்படாத நீலமே காரணம். அறையின் இருள் தாளாகவே இருக்கின்றது.

ஒரே மனிதர், ஒரே காலப்பகுதியில், வெள்ளைத் தாளில் ஒருவாறும் நீலத்தாளில் வேறொருவாறும் சிந்தித்தமை, தாள் ஓவியனை ஆட்டிவைக்கின்றது என்பாரின் கூற்றை மறுக்கின்றது. தாளுக்கும் ஓவியத்துக்கும் தொடர்பில்லை என்பாரின் கூற்றையும் அதே வலிமையோடு மறுக்கின்றது.

இத்தொடர்பிற் காலக்கணிப்புப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டப்படுகின்றது. 1794ஆம் ஆண்டுச் சட்டமொன்றையடுத்து ஆங்கிலத் தாள்களின் நீர்க்குறியில் ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. தாளை ஒளிக்கெதிரே பிடித்து ஆண்டை வாசித்து, படத்துக்கும் அதே ஆண்டைக் கொடுத்துவிடுவோர் உளர். நீர்க்குறி படம் எந்த ஆண்டுக்கு முற்பட்டதன்று என்பதை மட்டுமே கூறும். தாளை வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்திய ரேணர் போன்றவர் விடயத்தில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. வற்மன் பெயரும் முழுதாக நம்பத்தக்கதன்று. இளைய ஜேம்ஸ் வற்மன் 1794இல் ஆலைகளை விற்றுவிட்டார்; அதன்பின் அப்பெயர் இரு நிறுவனங்களின் தாள்களில் வழங்கியது. ஐரோப்பியக் கண்டத்தில் ஆக்கப்பட்ட போலிகளும் அப்பெயரைத் தாங்கின. புகழ்பெற்ற பெயர் சந்தைக்கு வந்தபின் அது பொருளின் குணத்தைக் குறிப்பதினும் விலையையே குறிக்கும் என்பது அன்றும் உண்மையாயிருந்தது.

ஜோன் செல் கொற்மன் (1782–1842) 1805ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ‘கிரேற்றா பாலம்’ பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அதிற் சுரண்டலும் துடைத்தலும் ஏறத்தாழ இல்லை. தட்டையான, விளிம்பு தெளிந்த நிறத்தளங்கள் ஒன்றன் அருகே ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரே பூச்சு, அது உலரும்வரை ஓவியர் தொடவில்லை. வலிய தாளின் பொறுமையை ரேணர் வன்மைக்குப் பயன்படுத்தினார் எனின், கொற்மன் அதனைத் தம் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தினார் எனலாம். முதுமையில் அவர் மாப்பசையை வர்ணத்தோடு கலந்து தடிப்பாக்கிப் பூசத் தொடங்கினார். அப்படங்கள் செழுமையானவை, ஆயினும் இளமைக் காலத்துத் தாள்களில் இருந்த தெளிவு அவற்றில் இல்லை என்றே கூறவேண்டும்.

டேவிட் கொக்ஸ் (1783–1859) தெரிந்த வழி முற்றிலும் வேறு. 1836ஆம் ஆண்டளவில் ஸ்கொற்லாந்தில் ஆக்கப்பட்ட முரட்டுச் சுற்றுக்கடதாசி ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. பொதிகட்டுவதற்கென உண்டான அத்தாள் தடித்தது, உறுதியாகப் பசையூட்டப்பட்டது, சிறு நார்த்துணுக்குகள் கரும்புள்ளிகளாக அதில் எங்கும் தெறித்துக்கிடந்தன. அதில் வர்ணம் விழும் விதம் அவரை ஈர்த்தது, மேலும் வரவழைத்துக்கொண்டார். வானத்தில் வந்துவிழும் புள்ளிகளை என்ன செய்வீர் என்று கேட்டவர்க்கு, சிறகு இரண்டு சேர்த்துப் பறவையாக்கிவிடுவேன் என்ற கருத்துப்பட அவர் மறுமொழி கூறினார் என்பர். நகைச்சுவை ஒருபுறமிருக்க, அம்முரட்டுத் தாளில் நுணுக்கமாகத் தீட்ட இயலாது. தூரிகை தாளின் மேடுகளைத் தொட்டுக்கொண்டு பள்ளங்களைத் தாண்டி ஓடும். பூச்சு உடைந்து சிதறும். காற்றையும் மழையையும் வேல்ஸ் நாட்டு மேட்டுநிலங்களையும் பாடுபொருளாகக் கொண்ட ஓவியருக்கு அச்சிதறலே தேவையாயிருந்தது. முன்னர்த் தாம் எழுதிய கைந்நூல்களில் முறையான பாடங்களைக் கற்பித்த ஆசிரியர், ஐம்பது வயதைக் கடந்தபின் பொதிகட்டும் கடதாசியிடம் பாடங்கேட்டார் என்பது எண்ணத்தக்கது. பின்னர் வணிகர்கள் அவர் பெயராலேயே தாள் செய்து விற்றனர். அதை வாங்கியோர்க்குச் சொரசொரப்புக் கிடைத்தது; காற்றுக் கிடைக்கவில்லை.

செசானின் (1839–1906) பிற்கால நீர்வர்ணங்களில் தாள் இன்னொரு படி முன்னேறுகின்றது. சென் விக்துவார் மலையைத் தீட்டிய தாள்களிற் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கின்றது. அவ்வெறுமை ஒளியா, வெளியா, மலையின் கல்லா என்று பிரித்துக்கூற முடிவதில்லை. கேர்ட்டினின் ஒரு வீடு அங்கே முழு மலையாக விரிந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரத் தாளும், மொறிற்ஸ் இலிக் 1807இல் வெளியிட்ட பிசின்–படிகாரப் பசையூட்டலும், 1840களையடுத்து மரக்கூழும் பரவின. தாள் மலிந்தது, கல்வி பரவுவதற்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் படிகாரத்தின் அமிலமும் மரக்கூழிற் தங்கிய பொருட்களும் தாளை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்தன. நீர்வர்ணத்தின் ஒளி தாளின் ஒளியாதலால், தாள் மஞ்சளாகும்போது படத்தின் பகற்பொழுதே மாறிவிடுகின்றது. எண்ணெய்வர்ண ஓவியத்தில் வார்னிஷ் மங்கினால் அதனை அகற்றலாம். மங்கிய தாளை வர்ணத்துக்கு ஊறின்றி வெளுப்பாக்குதல் மிகவும் அரிது.

இன்று ஓவியனுக்குக் கிடைக்கும் நல்ல தாள்கள் பருத்தி நாரால், பெரும்பாலும் உருளை அச்சு இயந்திரத்தில் ஆக்கப்படுபவை. சூட்டழுத்தம் பெற்ற வழுவழுப்பான தாள், குளிரழுத்தம் பெற்ற இடைத்தரத் தாள், அழுத்தப்படாத முரட்டுத் தாள் என அவற்றின் முகம் மூவகைப்படும். சதுரமீற்றருக்கு 300 கிராம் நிறையுடையது வழக்கிலுள்ள நடுத்தரம். 190 கிராமளவான தாளை முன்னதாக நனைத்துப் பலகையில் ஒட்டி விறைப்பாக்காவிடின் ஈரம் பட்டதும் அலையாக எழும்பிவிடும். 640 கிராம் தாளோ அட்டைபோல அசையாதிருக்கும். வணிகரின் விவரக்கொத்துக்கள் முகத்தையும் நிறையையும் பெரிதாக அச்சிடுகின்றன. பசையூட்டலைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். ரேணரும் கொற்மனும் கொக்சும் காட்டிய அனுபவத்தின்படி முதலில் வினவவேண்டியது அதுவே. கூழிலேயே பசை கலந்த தாளா, உலர்ந்தபின் ஜெலற்றினிலும் தோய்த்த தாளா என்பதைப் பொறுத்தே துடைத்தலும் சுரண்டலும் பலபூச்சும் இயலுமா எனத் தெரியும். கலைக் கல்லூரிகளில் மாணவர்க்கு மலிந்த மரக்கூழ்த் தாளை முதலிற் கொடுத்து, ‘கை தேர்ந்தபின் நல்ல தாள்’ என்று கூறும் வழக்கம் ஆராயத்தக்கது. அத்தாளில் வர்ணம் மங்குவதைத் தன் கையின் குறையென்றே மாணவன் கொள்வான். தாள் செய்த பிழைக்கு அவன் பொறுப்பேற்கின்றான். ஒரு நல்ல தாளை எட்டாகக் கிழித்து இருபுறமும் பயன்படுத்துதல் செலவிலும் பெரிதாக மிகாது. பதினாறாகக் கிழித்த ரேணர் அதற்கு முன்மாதிரி.

இலங்கை வாசகர்க்கு இம்மரபோடு நேரடித் தொடர்பொன்றும் உண்டு. அயர்லாந்து ஓவியரான அன்ட்றூ நிக்கொல் (1804–1886) 1846இல் இலங்கை வந்து கொழும்பு அக்கடமியிற் சித்திரம் கற்பித்தார். 1848இல் எமேர்சன் ரெனன்றோடு நாட்டின் உட்பகுதிகளிற் பயணஞ்செய்து காட்சிகளைத் தீட்டினார். ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவரது சித்திரங்கள் இடம்பெற்றன. அயர்லாந்தின் கரையோரக் காட்டுமலர்களை முன்னணியில் வைத்துத் தீட்டிய படங்களில், புல்லின் தாள்களையும் பூக்காம்புகளையும் கத்தியாற் சுரண்டி வெண்கோடுகளாக எழுப்பியமை நிக்கொலின் தனித்திறன். ரேணர் வழிவந்த இம்முறை வன்பசைத் தாளின்றி நடவாது என்பது மேலே கூறப்பட்டது. ஆயின் ஈரப்பதன் மிகுந்த நாடுகளில் அதே ஜெலற்றின் பூஞ்சணத்துக்கு உணவாகின்றது. நீண்டநாள் ஈரக்காற்றிற் கிடந்த தாளில் பசை ஆங்காங்கே கெட்டுப்போக, கண்ணுக்குத் தெரியாத அவ்விடங்கள் தூரிகை பட்டதும் மையொற்றுத்தாள்போல் வர்ணத்தை விழுங்கி, வானத்தில் வடுக்களாக வெளிப்படும். குளிர்நாட்டு ஓவியர் எழுதிய கைந்நூல்கள் இதனைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆகையாற் கொழும்பிலோ மட்டக்களப்பிலோ தாள் வாங்கும் ஒருவர், அதன் ஓரத்தை நனைந்த தூரிகையால் ஒருமுறை தடவி, நீர் எங்கும் ஒரேயளவு நேரம் நிற்கின்றதா என்று பார்த்துக்கொள்வதும், வாங்கிய தாளை ஆண்டுக்கணக்கிற் சேமித்து வையாது உலர்ந்த இடத்தில் வைத்து விரைவிற் பயன்படுத்துவதும் தக்கது.